வெளிநாட்டுத் தொடர்பு: அப்பா

ஜன்னல் பக்கம் நீங்களே இருங்க தம்பி, எனக்கு வெயில் ஆகாது. நான் கப்பலூர்ல இறங்கணும். அங்கேருந்து ஆட்டோ பிடிச்சா ஏர்போர்ட்டு. என் வீட்டுக்காரி கொழும்புலேருந்து வர்றா. ஆமா, தனியாத்தான். எழுபது வயசுல தனியாப் போயிட்டு தனியா வர்றா. யாரைக் கேட்டுப் போனான்னு நீங்க கேக்கணும். என்னைக் கேட்டுப் போகல.

போய் இறங்கினதும் போன் பண்ணினா. "கோவில்பட்டி போய்ச் சேர்ற நேரத்துக்குள்ள வந்துட்டேங்க. இவ்வளவு பக்கமாங்க, இவ்வளவு பக்கத்துலயா இருந்திருக்கு"ன்னு அதையே திருப்பித் திருப்பிச் சொன்னா. பக்கமா இருந்தா என்ன தம்பி? வேற நாடு வேற நாடுதானே.

முதல்லேருந்து சொன்னாத்தான் உங்களுக்குப் புரியும். எம் பேரு ஆவுடையப்பன். பாளையங்கோட்டையில வீடு. வேலை பாத்தது சென்னைக்குப் பக்கத்துல. பட்டாளத்துக்கு வேண்டிய சாமான் செய்யற அரசாங்க ஃபேக்டரி. பேரு கேக்காதீங்க. என்ன சாமான்னும் கேக்காதீங்க. ரகசியம் காப்பேன்னு கையெழுத்துப் போட்டுட்டு உள்ளே போனவன் நான். ஃபோர்மேனா ரிட்டயர் ஆனேன். இன்னிக்கு வரைக்கும் என் வாயிலேருந்து ஒரு நட்டு, ஒரு போல்ட்டு வெளிய வந்ததில்ல. வடிவு கேலி பண்ணுவா. வடிவுங்கறது என் வீட்டுக்காரி. "பஸ் ஸ்டாப்புக்கே உங்க ஃபேக்டரி பேரைத்தான் வச்சிருக்கான். கண்டக்டர் கத்திக் கூப்பிடுதான். நீங்க மட்டும் ரகசியம்ங்கீங்க"ம்பா. பொம்பளைப் பேச்சு, விடுங்க.

எங்களுக்கு ஒரே பையன். நெல்லையப்பன். அமெரிக்காவுல இருக்கான். அங்கே அவனை நீல்னு கூப்பிடுதாங்க. படிக்கப் போனான், வேலை கிடைச்சுது, அந்த நாட்டுக் குடியுரிமையும் வாங்கிட்டான். வாங்கின கையோட போன் பண்ணி, "அப்பா, இந்திய பாஸ்போர்ட்டை இனி ஒப்படைக்கணும்"னான். எனக்குச் சுருக்குன்னு இருந்துச்சு. "ரெண்டையும் வச்சுக்கிட முடியாதாடே?"ன்னு கேட்டேன். "நம்ம ஊர்ச் சட்டத்துல முடியாதுப்பா. ஓ.சி.ஐ. கார்டுன்னு ஒண்ணு குடுப்பாங்க. எப்ப வேணா வரலாம், போகலாம். ஆனா அது குடியுரிமை இல்ல"ன்னான். இல்லாட்டி என்ன? நான் தெருவுல எல்லார்கிட்டயும் எம் பையன் ரெண்டு நாட்டுக் குடிமகன்னுதான் சொல்லி வச்சிருக்கேன்.

மருமக பேரு ஷாமினி. டொரான்டோவுல வளர்ந்த பொண்ணு, அப்பா அம்மா யாழ்ப்பாணத்துக்காரங்க. அவகிட்ட கனடா பாஸ்போர்ட்டும் உண்டு, அமெரிக்கா பாஸ்போர்ட்டும் உண்டு. அந்த ரெண்டு நாட்டுக்கும் அது சம்மதமாம். நல்ல பொண்ணுதான். வடிவுக்கும் அவளுக்கும் போன்லயே அப்படி ஒரு ஒட்டுதல். என்ன பேசுவாளுகளோ, மணிக்கணக்கா ஓடும்.

அப்படி இருக்கையில பையனுக்கு ஒரு பெரிய வேலை வந்துச்சு. வானத்துல சுத்தற சாட்டிலைட்டு இருக்கே, அது சம்பந்தமான வேலை. அரசாங்கத்து ரகசியம் எல்லாம் அதுல வருமாம். அதனால பாதுகாப்பு அனுமதின்னு ஒண்ணு வாங்கணும். ஆளை அலசிப் பாத்து, இவனை நம்பலாம்னு அரசாங்கம் சொன்னாத்தான் அந்த வேலையில உக்கார முடியும். கேட்டதும் எனக்கு நெஞ்சு நிமிந்து போச்சு தம்பி. என் ரத்தம்லா! வடிவுகிட்ட சொன்னேன், "பாத்தியா, அப்பன் பாத்த மாதிரி வேலை"ன்னு. அவ பாட்டுக்கு அரிசி களைஞ்சுக்கிட்டு இருந்தா.

ஒரு வாரம் கழிச்சுக் கூப்பிட்டான். குரலே சரியில்ல. "அப்பா, ஒரு பெரிய ஃபாரம் நிரப்பணும். வெளிநாட்டுத் தொடர்புன்னு ஒரு பகுதி இருக்கு. அதுல உங்களை எழுதணும்"னான்.

"என்னையா?"

"ஆமாப்பா. உங்களையும் அம்மாவையும்."

"நான் என்னடே வெளிநாட்டுக்காரன்? நான் பாளையங்கோட்டைக்காரன்."

"அவங்களுக்கு நீங்க வெளிநாட்டுக் குடிமகன்பா. நான் உங்க பையன். எத்தனை தடவை பேசுதேன், என்ன வேலை பாத்தீங்க, அரசாங்கத்தோட சம்பந்தம் உண்டா, எல்லாம் எழுதணும்."

தம்பி, நீங்களும் ஒரு வீட்டுப் பிள்ளைதான். பெத்த தகப்பனைத் தொடர்புன்னு எழுதுவீங்களா? தொடர்புன்னா என்ன வார்த்தை அது? போலீஸ்காரன் பேசற வார்த்தை. கள்ளக்கடத்தல்காரனுக்குத் தொடர்பு இருக்கும். எனக்கும் எம் பையனுக்கும் தொடர்பா?

அதை விடுங்க. அடுத்துக் கேக்கான், "அப்பா, உங்க ஃபேக்டரி பேரு, எந்த வருஷத்துலேருந்து எந்த வருஷம், என்ன பதவி. பென்ஷன் யாரு குடுக்காங்க"ன்னு. நான் சொன்னேன், "டே, நான் கையெழுத்துப் போட்டவன். இன்னொரு நாட்டு அரசாங்கம் கேக்குன்னு நான் வாயைத் திறக்க மாட்டேன்"னு. "நீங்க என்ன செஞ்சீங்கன்னு கேக்கலப்பா. எங்க வேலை பாத்தீங்கன்னு மட்டும் சொன்னாப் போதும்"னு கெஞ்சினான். முடியாதுன்னுட்டேன். நாட்டுக்காக முடியாதுன்னேன். அவன் சிறுபிள்ளையா இருந்தப்ப நாங்க ஃபேக்டரி க்வார்ட்டர்ஸ்லதான் இருந்தோம். ஃபேக்டரி பேரு அவனுக்கே தெரியும். ஆனா வருஷம், பதவி எல்லாம் நான் சொன்னாத்தானே சரியா எழுத முடியும்? நான் சொல்லல.

இங்கேதான் வேடிக்கை. ஷாமினி ரெண்டு பாஸ்போர்ட் வச்சிருக்கா. அதைப் பத்தி ரெண்டு கேள்வி கேட்டாங்களாம், சரின்னு போயிட்டாங்களாம். ஒரே ஒரு பாஸ்போர்ட் வச்சிருக்கற நான்தான் சிக்கலாம்! ஏன்னா நான் ராணுவத்துக்கு வேலை பாத்தவன், என் பென்ஷன் இந்திய அரசாங்கத்துலேருந்து வருது. அந்தப் பென்ஷனை நாளைக்கு யாராவது நிறுத்திருவேன்னு மிரட்டினா எம் பையன் ரகசியத்தைக் குடுத்துருவானோன்னு அவங்களுக்குப் பயமாம். எப்படி இருக்கு கதை? ஆயுசு பூராவும் ஒரு கறுப்புப் புள்ளி இல்லாம இருந்தேன். அந்த வெள்ளைச் சட்டைதான் இப்ப அழுக்காம்.

நேர்ல ஒரு அதிகாரி வந்து அவனை விசாரிச்சிருக்கான். ஒரு அறையில உக்கார வச்சு, பொறுமையா, மரியாதையாத்தான் கேட்டானாம். "உங்க அப்பாவை யாராவது பிடிச்சு வச்சுக்கிட்டு, ரகசியத்தைச் சொல்லு, இல்லாட்டி அவரை ஒரு வழி பண்ணிருவோம்னா என்ன செய்வீங்க?"

நான் கேட்டேன், "நீ என்ன சொன்னே?"

"உடனே உங்க ஆபீசுக்கு வந்து சொல்லிருவேன்னு அந்த அதிகாரிகிட்ட சொன்னேன்பா."

"அப்பாவைக் காப்பாத்துவேன்னு சொல்லலியா?"

"அப்பா, அதுதான் காப்பாத்தற வழி"ன்னான். படிச்சவன் பதில். எனக்கு அன்னிக்குச் சோறு இறங்கல.

இன்னொண்ணும் கேட்டான். பாளையங்கோட்டை வீட்டுப் பத்திரத்துல என் பேரோட அவன் பேரும் இருக்கு. அதை எடுத்துரலாமாப்பான்னு கேட்டான். வெளிநாட்டுல சொத்து இருக்கறது ஒரு கேள்வியாகுமாம். நான் கட்டின வீடு அவனுக்கு வெளிநாட்டுச் சொத்து! எனக்கு எங்கேருந்துதான் வந்துச்சோ அந்தக் கோபம். "ஒரேடியா அப்பன் செத்துட்டான்னு எழுதிரு. தொடர்பும் இல்ல, சொத்தும் இல்ல, பென்ஷனும் இல்ல"ன்னு கத்தினேன்.

அவன் அழுதான்னு நினைக்கேன். மெதுவாத்தான் சொன்னான். "அப்பா, உறவு இருந்தா விசாரிப்பாங்க. நாள் ஆகும், அவ்வளவுதான். இருக்கற உறவை மறைச்சா, அதோட முடிஞ்சுது. இவன் நம்பத் தகாதவன்னு முத்திரை குத்திருவாங்க. உங்களை மறைச்சு எனக்கு ஒரு வேலை வேண்டாம்பா."

சின்னப் பையன், அவனுக்கு என்ன தெரியும். இந்த விசாரணை எல்லாம் எனக்குப் பழக்கம் தம்பி. தொண்ணூத்தியொண்ணுல நான் பாக்காததா? அந்த வருஷம் தமிழ்நாடு இருந்த இருப்பு உங்க வீட்டுப் பெரியவங்களைக் கேளுங்க. இலங்கைன்னு வாயெடுத்தாலே போலீஸ் வாசல்ல நிக்கும். அப்பத்தான் என்னை ஃபேக்டரிக்குள்ளயே ஒரு முக்கியமான செக்ஷனுக்கு மாத்தறதா இருந்தாங்க. எனக்கும் ஃபாரம் வந்துச்சு. வெளிநாட்டில் உறவினர் உண்டான்னு ஒரு கேள்வி. இல்லைன்னு எழுதினேன்.

வடிவோட அக்கா கொழும்புல இருந்தாங்க, அது உண்மைதான். உலகம்மாள். உலகு அக்காம்போம். அவங்களைக் கட்டினவர் புறக்கோட்டையில ஜவுளிக்கடை வச்சிருந்தார். நம்ம பக்கத்து ஆளுங்க அந்தக் காலத்துல அங்கே கடை வைக்கறது உண்டு. ஆனா வீட்டுக்காரியோட அக்கா எனக்கு எப்படி உறவினர்? ரத்த சம்பந்தமா? யோசிச்சுத்தான் எழுதினேன். வடிவுகிட்டயும் பக்குவமா எடுத்துச் சொன்னேன், கொஞ்ச நாளைக்குக் கடிதாசி போடாதேன்னு. போடல. நல்ல மாதிரி, சொன்னாப் புரிஞ்சுக்கிடுவா.

அந்த வருஷக் கடைசியில ஒரு நாள், ஃபேக்டரிக்குள்ள நிக்கேன், செக்யூரிட்டி போன் பண்ணுதான். க்வார்ட்டர்ஸ் கேட்டுல ஒரு அம்மா நிக்காங்க, உங்க வீட்டைக் கேக்காங்கன்னு. போய்ப் பாத்தா உலகு அக்கா. வெறும் நெத்தி. அவங்க வீட்டுக்காரர் தவறி ஒரு மாசம் ஆயிருக்கு. தங்கச்சியைப் பாத்து அழணும்னு பிளேன் ஏறி வந்திருக்காங்க. செக்யூரிட்டி நோட்டுல எந்த ஊர்னு எழுதப் பேனாவைத் திறந்து வச்சிருக்கான். நல்லவேளை, நான் நேரத்துக்குப் போய்ச் சேந்தேன். "நம்ம ஊர்க்காரங்கப்பா, வழி தவறி வந்துட்டாங்க"ன்னு சமாளிச்சு வெளிய கூட்டிட்டு வந்துட்டேன். டீக்கடையில ஒரு காப்பி வாங்கிக் குடுத்தேன். நிலைமையை எடுத்துச் சொன்னேன். தலையைத் தலையை ஆட்டினாங்க. தங்கச்சிக்குன்னு ஒரு பை கொண்டு வந்திருந்தாங்க, தேயிலையும் சந்தன சோப்பும். சோப்பு உறையில அந்த நாட்டுப் பேரு அச்சடிச்சிருக்கும். அதனால அதையும் அவங்க கையிலேயே குடுத்து எழும்பூர் பஸ்ல ஏத்தி விட்டேன். எந்த மனவருத்தமும் இல்ல. பஸ்லேருந்து கையைக்கூட ஆட்டினாங்க. இல்ல, கம்பியைத்தான் பிடிச்சாங்களோ என்னவோ.

வடிவுகிட்ட ராத்திரி சாப்பிட்ட பிறகுதான் சொன்னேன். சாப்பாட்டுக்கு முந்திச் சொன்னா சாப்பிட மாட்டா பாருங்க. அவ அழக்கூட இல்ல. அதுக்கப்புறம் அக்காங்கற வார்த்தையே அவ வாயில வந்ததில்ல. அவ்வளவு பக்குவம். மாத்தல் வந்துச்சு, நான் முக்கியமான செக்ஷனுக்குப் போனேன். அதனாலதான் பையனை நல்ல காலேஜ்ல சேக்க முடிஞ்சுது. அமெரிக்கா போக முடிஞ்சுது.

இப்ப எங்க விட்டேன்? ஆங், பையன் விஷயம். போனை வச்சுட்டுக் கூடத்துல உக்காந்து கத்திக்கிட்டு இருக்கேன். "பாத்தியா உன் புள்ளையை! தகப்பன் பேரை வெளிநாட்டுத் தொடர்புன்னு எழுதி வச்சிருக்கான்"னு. வடிவு அடுப்படியில இருந்து எட்டிக்கூடப் பாக்கல. "எழுதியாச்சும் வச்சிருக்கானே"ன்னா. பாருங்க, நான் ஒண்ணு சொன்னா அவ சம்பந்தமே இல்லாம ஒண்ணு சொல்லுவா. அன்னியிலேருந்து என்கூடப் பேச்சு குறைஞ்சு போச்சு.

நான் பையன்கிட்டப் பேசறதை நிறுத்தினேன். மாசம் ஓடுச்சு. அவன் வேலை இழுத்துக்கிட்டே போச்சு. அப்பா பத்தின விவரம் பத்தலைன்னு ஃபாரம் திரும்பி வந்துச்சாம். அனுமதி வராம அவனைச் சும்மா ஒரு மூலையில உக்கார வச்சிருந்தாங்களாம். ஷாமினிக்குப் பிரசவம் நெருங்குது. எங்களுக்கு விசா வந்துருச்சு, டிக்கெட்டும் அவனே போட்டிருந்தான். நான் வடிவு போனை வாங்கிச் சொல்லிட்டேன், "தொடர்பு உன் வீட்டுக்கு வராது. தொடர்பு வந்தா உனக்குக் கெடுதல்"னு. அவன் வாங்கப்பா, அதுல ஒண்ணும் இல்லைன்னு எத்தனையோ சொன்னான். ரோஷம்னு ஒண்ணு இருக்கில்ல? டிக்கெட்டை ரத்துப் பண்ண வச்சேன். வடிவு பெட்டி கட்டி வச்சிருந்தா. பொறக்கப் போறது பேத்தின்னு அங்கே முன்கூட்டியே சொல்லியிருந்தாங்க. அவளுக்குப் பருத்தித் துணியில சட்டை தைச்சு, சாம்பிராணி, வசம்பு எல்லாம் எடுத்து வச்சிருந்தா. மறுநாள் பாத்தா பெட்டியைப் பிரிக்கல. அப்படியே கட்டிலுக்கு அடியில தள்ளி வச்சிருந்தா.

அப்புறம் எனக்குத் தெரியாம ஒரு காரியம் பண்ணினா. பையனைக் கூப்பிட்டு, என் ஃபேக்டரி பேரு, சேந்த வருஷம், ரிட்டயர் ஆன வருஷம், பதவி, பென்ஷன் எல்லாம் சொல்லிட்டா. எனக்கே மறந்த தேதி அவளுக்கு ஞாபகம் இருந்திருக்கு. அதோட நிறுத்தினாளா? "எனக்கு ஒரு அக்கா உண்டுப்பா, கொழும்புல. இருக்காளா இல்லையான்னு தெரியல. அவளையும் எழுதிக்கோ"ன்னு சொல்லியிருக்கா. அவனுக்குப் பெரியம்மா இருக்கற சங்கதியே அப்பத்தான் தெரியுமாம். ஷாமினி விடுவாளா? அவ சொந்தக்காரங்க டொரான்டோவுலயும் இருக்காங்க, கொழும்புலயும் இருக்காங்க. யார் யார்கிட்டயோ கேட்டு, உலகு அக்கா வெள்ளவத்தையில ஒரு சின்ன வீட்டுல மகளோட இருக்காங்கன்னு கண்டுபிடிச்சுக் குடுத்துட்டா. விசாவும் அங்கே இருந்தே போட்டுட்டா. டிக்கெட்டும் அவதான்.

ஒரு நாள் காலையில வடிவு குளிச்சு, பட்டுச் சேலை கட்டி, கட்டிலுக்கு அடியில இருந்த அந்தப் பெட்டியை இழுக்கா. "எங்கே?"ன்னேன். "அக்கா வீட்டுக்கு"ன்னா. நான் பதறிப் போனேன். "அறிவிருக்கா உனக்கு? பையனுக்கு விசாரணை நடக்கையில இன்னொரு நாட்டுக்குப் போறேங்கியே. அவன் கதி என்னாகும்?"ன்னேன்.

"அவன்கிட்டச் சொல்லிட்டேன். அவன் எழுதிக் குடுத்துட்டான்"ன்னா.

"எங்கிட்டச் சொல்லணும்னு தோணலியா?"

"நீங்க எங்கிட்ட ராத்திரி சாப்பிட்ட பிறகுதானே சொன்னீங்க"ன்னா. என்ன சொல்லுதான்னு எனக்கு ஒரு நிமிஷம் பிடிபடல. அதுக்குள்ள கார் வந்துருச்சு.

அது நடந்து மூணு வாரம் ஆச்சு. நான் ஓட்டல்ல சாப்பிடுதேன். நடுவுல பையனுக்கு அனுமதி வந்துருச்சு. ஆமா தம்பி, வந்துருச்சு. அப்பன், பென்ஷன், கொழும்புப் பெரியம்மா எல்லாத்தையும் எழுதின பிறகுதான் வந்திருக்கு. ஆனா முதல்ல சொன்ன அந்தப் பெரிய வேலை இல்ல. அதுக்கு இவ்வளவு நாள் காத்திருக்க முடியாதுன்னு வேற ஆளைப் போட்டுட்டாங்களாம். இது அதுக்குக் கீழே ஒண்ணு. பரவாயில்லப்பான்னான். "நான் முதல்லயே சொல்லியிருந்தா அது கிடைச்சிருக்குமோடே?"ன்னு கேட்டேன். "தெரியலப்பா. பாப்பா உங்க மூக்கை வச்சுக்கிட்டு இருக்கா. எப்ப வர்றீங்க?"ன்னான். பாஸ்போர்ட்டு பீரோவுலதான் இருக்கு.

இருங்க தம்பி, போன் அடிக்கு.

ஹலோ. ம். ஆமா, பஸ்ல. சாத்தூர் தாண்டியாச்சு. நீ அங்கே ஏர்போர்ட்டுக்கு வந்துட்டியா? கூட யாரு, சத்தமா இருக்கு? யாரு? ... ம். ... வழியனுப்பவா? இந்த வயசுல அவங்க எதுக்கு இவ்வளவு தூரம்? ... இப்பவா? ... இல்ல வடிவு, பஸ்ல ஒண்ணும் கேக்கல. ஹலோ? ஹலோ? சிக்னல் இல்ல. ஹலோ.

வச்சுட்டேன்.

உலகு அக்கா பக்கத்துல நிக்காங்களாம். சக்கர நாற்காலியில வந்திருக்காங்களாம். உங்ககிட்ட ஒரு வார்த்தை பேசணும்ங்காங்க, குடுக்கட்டுமாங்கா வடிவு. கோபமா ஒண்ணும் இல்லையாம். சும்மா குரலைக் கேக்கணுமாம்.

உங்க போன்ல சிக்னல் காட்டுதா? நல்லாக் காட்டுதா?

பாருங்க, மறுபடியும் அடிக்கு. அவதான். விட மாட்டா. பிளேன்ல ஏறற வரைக்கும் அடிச்சுக்கிட்டேதான் இருப்பா.

தம்பி, நீங்க படிச்சவங்க, நாலு ஊர் போய் வர்றவங்க. ஒரு வார்த்தை சொல்லுங்க. இவ்வளவு வருஷம் கழிச்சு ஒருத்தங்ககிட்ட முதல்ல என்ன கேக்கறது? சௌக்கியமான்னு கேக்கலாமா? அப்படிக் கேட்டாத் தப்பா நினைப்பாங்களா?